ஃபயர் வாட்ச்

வெல்டர் குல் ஸமான் பார்ப்பது நெருப்பை.
நான் பார்ப்பது நெருப்பு விழும் இடத்தை.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
சிவப்பு சிலிண்டர், நனைத்த போர்வை, ஒரு விசில்,
கந்தகம் மணக்கும் ஜுபைல் காற்று.

வாசலில் தில்பகதூர் தகரப் பெட்டியை நீட்டுவான்.
லைட்டரைப் போட்டால் டோக்கன்.
பதினெட்டு நாளாக
இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி
மொய் எழுதாமல் பந்திக்குப் போகிறவனைப் போல
உள்ளே நழுவிக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் ஷைனி சிஸ்டர் சொன்னது இவ்வளவுதான்:
"தோணும்போது கடியாரம் பாருங்க சேட்டா.
நாலு நிமிஷம். அதுக்கு மேல அதுக்குத் தெம்பு இல்ல."
சரி சிஸ்டர்.
ஒரு நாளைக்கு எத்தனை நாலு நிமிஷம் என்று
நீங்கள் சொல்லவில்லையே.

மூன்றாம் நாள், பருப்பில் உப்பில்லை என்று
சமையல் முறைக்காரன் செய்யது பட்டாணியைத்
தட்டோடு வைதேன்.
உப்பு இருந்தது.
நாக்குதான் இடத்தில் இல்லை.
விட்ட பிறகுதான் இருமலே கூடியது.
"இழுக்கிறப்ப நல்லா இருந்தீங்கண்ணே" என்றான் அவன்,
பழிவாங்கும் குரலில் அல்ல,
நிஜமான கவலையோடு.
கனவில் முழுசாக ஒன்று பிடித்துவிட்டு
மூன்று மணிக்கு விழித்து
போர்வைக்குள் என் வாயை நானே மோந்தேன்.

"பாக்கெட்டுக்கு இருபத்தெட்டு ரியால் மிச்சம்" என்றேன்
போனில் விமலாதேவியிடம்.
"காசு கிடக்கட்டும்,
எரிஞ்சு விழாம ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்."

அது வரும் வழிகள் எனக்குத் தெரியும்.
சோற்றுக்குப் பிறகான ஐந்தாவது நிமிஷம்.
பேப்பர் கப் சுலைமானி.
ஃபோர்மன் கத்திவிட்டுப் போன இடத்தில்
மிச்சமிருக்கும் அமைதி.
ஒவ்வொன்றிலும் ஆள் நிறுத்தியிருந்தேன்,
ஒரு ஏலக்காய், ஒரு மிஸ்வாக் குச்சி,
ஒரு கெட்ட வார்த்தை.

வந்தது வெள்ளிக்கிழமை.
சண்டை இல்லை. சாவுச் செய்தி இல்லை.
லீவு பாஸாகிவிட்டது. துணி துவைத்தாகிவிட்டது.
கேம்ப் மொட்டை மாடியில் ஷமால் காற்று.
கொடியில் முப்பது பேரின் கவரால்கள்
ஆளில்லாமல் கைவீசிக்கொண்டிருந்தன.
தண்ணீர்த் தொட்டி மூடிமேல்
யாரோ மறந்த பாக்கெட்,
உள்ளே ஒன்றே ஒன்று,
பக்கத்தில் பச்சை லைட்டர்.
சந்தோஷத்துக்கு நான் காவல் போட்டிருக்கவில்லை.

கடியாரம் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.
இரண்டாம் நிமிஷத்தில் பாதி தீர்ந்திருந்தது.
ருசி, ஈரத் தலையணை உறை.
தலை சுற்றித் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.
உடம்பு மட்டும்
வாசல்வரை ஓடிவந்து அதை அழைத்துப் போனது.
லைட்டர் எப்போது என் பைக்குள் வந்தது,
தெரியாது.

சனிக்கிழமை
பெட்டியில் அது விழுந்த சத்தத்துக்கு
தில்பகதூர் நிமிர்ந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
டோக்கன் நாற்பத்தொன்று.

சாயங்காலம் குல் ஸமான் மெஷினை அணைத்து
கையுறையைக் கழற்றி உதறிவிட்டுப் போய்விட்டான்.
நான் போக முடியாது.
கடைசிப் பொறிக்குப் பின்னும் அரை மணி
காவலாள் நகரக் கூடாது என்கிறது பெர்மிட்.
இரும்பு ஆறிவிடும்.
சாரப் பலகை இடுக்கில்
ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கும்,
எல்லோரும் போகட்டும் என்று.

இருபத்தேழாம் நிமிஷம் மூக்கு சொன்னது.
மண்டியிட்டுத் தேடினேன். இருந்தது.
மிளகளவு.
தண்ணீர் ஊற்றினேன்.

பெர்மிட்டின் அடுத்த வரி:
கனல் கண்டால் அரை மணியை
முதலிலிருந்து எண்ணுக.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.
வெட்கப்படச் சொல்லி ஒரு வரியும் இல்லை,
திருப்பிப் போட்டும் பார்த்தேன்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது.
போகட்டும், அடுத்த பஸ் இருக்கிறது.
டோக்கன் பையில் இருக்கிறது.
கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து
கடியாரம் பார்த்தேன்.
ஒன்று.